லினக்ஸில் மைக் பதிவு: மிக்சரில் பூஸ்ட், கேப்சர் இரண்டையும் எவ்வளவு வைப்பது?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கீழ்வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலும் கேட்டுப் பழகட்டும் என்று பாடப்பகுதிகளை வாசித்து ஒலிக்கோப்புகளாகக் கொடுத்து வருகிறோம். இதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. கும்மிப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் முழுமையாக நினைவில் வைத்திருக்கும் வயதான அம்மாக்கள் எங்கள் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் குரலை இப்போதே பதிவு செய்து வைக்காவிட்டால் பின்னால் யார் நினைத்தாலும் முடியாது.

பள்ளி லேப்டாப்பில் கேரளப் பள்ளிகளுக்கான லினக்ஸ் பதிப்பான கைட் க்னூ/லினக்ஸ் 22.04 இருக்கிறது. சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றை லேப்டாப்பின் ஒரே ஆடியோ துளையில் செருகி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவு செய்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தூரமாகவும், பின்னால் ‘சர்’ என்ற இரைச்சலோடும் வருகிறது. செட்டிங்ஸில் இன்புட் ஒலியளவை முழுவதும் ஏற்றினால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறி, சற்று உரக்க வாசித்தாலே கரகரவென்று உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை எங்கே, எப்படித் தேடுவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கம்பம்_சவுண்ட்:

வணக்கம் டீச்சர். ஒலியளவைத் தொடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பதிவாவது காலர் மைக்கின் ஒலிதானா, அல்லது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மைக்கின் ஒலியா? குரல் தூரமாகக் கேட்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதைக் கேட்கிறேன். ஆடாசிட்டியில் பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். பிறகு திரைக்கு மேலே கேமரா இருக்கும் இடத்தையும், கீபோர்டுக்கு அருகேயுள்ள சிறு துளைகளையும் அதே போலத் தட்டுங்கள். எந்தத் தட்டலுக்கு அலைக்கோடு பெரிதாக எழுகிறதோ, அந்த மைக்தான் பதிவாகிறது.

மைக்கின் பின்னையும் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டா, மூன்றா? செல்போனுக்காகச் செய்யப்பட்ட மைக்கில் மூன்று வளையங்கள், அதாவது நான்கு தொடர்பு முனைகள் இருக்கும். கேமராவுக்கான மைக்கில் இரண்டு வளையங்களே இருக்கும். இரண்டு வளையமுள்ள பின்னை, ஹெட்போனுக்கும் மைக்குக்கும் பொதுவான இந்தக் கூட்டுத் துளையில் செருகினால் லேப்டாப் அதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, உள்மைக்கிலிருந்தே பதிவு செய்துகொண்டிருக்கும். அந்த நிலையில் மிக்சரில் எதை மாற்றினாலும் காலர் மைக்குக்கு அது போய்ச் சேராது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

மிக்க நன்றி. நீங்கள் ஊகித்ததே சரி. காலர் மைக்கைத் தட்டினால் கோடு அசையவே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் தட்டினால் துள்ளி எழுகிறது. பின்னில் இருப்பது இரண்டு வளையங்கள்தான். பாலக்காட்டில் ஒரு கடையில் மூன்று வளையமுள்ள பின்னாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் கிடைத்தது. அதைச் செருகியதும் திரையில் ஹெட்போனா, ஹெட்செட்டா, மைக்ரோஃபோனா என்று ஒரு கேள்வி வந்தது; ஹெட்செட் என்று கொடுத்தேன். இப்போது குரல் அருகில் கேட்கிறது. ஆனால் இரைச்சலும், ஏற்றினால் உடைவதும் அப்படியே இருக்கின்றன.

கம்பம்_சவுண்ட்:

இனி மிக்சருக்கு வரலாம். லினக்ஸில் மைக் ஒலி ஆடாசிட்டிக்கு வந்து சேரும் வழியில் மூன்று இடங்களில் அதைக் கூட்டிக் குறைக்க முடியும். அடியில் இருப்பது சவுண்ட் கார்டு. அதை லினக்ஸின் ஆல்சா என்ற ஒலி அமைப்பு கையாள்கிறது. அதற்கு மேல், நிரல்களுக்கும் கார்டுக்கும் நடுவே ஒலியைப் பகிர்ந்து கொடுக்கும் பல்ஸ்ஆடியோ. எல்லாவற்றுக்கும் மேல் ஆடாசிட்டியின் சொந்த ஒலியளவு. உங்கள் கைட் பதிப்பு உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதால் நடுவில் பல்ஸ்ஆடியோ இருக்கிறது, உபுண்டுவில் 22.10 முதல் அந்த இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. இந்த மூன்றில் அடியிலுள்ளதை முதலில் சரி செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆழியாற்று மதகிலேயே கலங்கி வரும் தண்ணீரை வயல் மடையில் தெளிய வைக்க முடியாதல்லவா? கார்டிலேயே உடைந்துவிட்ட ஒலியை மேலே எவ்வளவு குறைத்தாலும் அது சிறிய அளவில் உடைந்த ஒலியாகத்தான் இருக்கும்.

டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் என்ற நிரலை இயக்குங்கள். முதலில் ஒரே ஒரு கம்பம் மட்டும் தெரிந்து, மேலே கார்டின் பெயராகப் பல்ஸ்ஆடியோ என்று இருக்கும். அது உண்மையான கார்டு அல்ல. எஃப்6 விசையை அழுத்தி, பட்டியலிலிருந்து லேப்டாப்பின் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்4ஐ அழுத்தினால் பதிவுக்குரிய கம்பங்கள் மட்டும் வரும். அவற்றில், பதிவாகும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ‘கேப்சர்’ ஒன்று. ‘ஹெட்செட் மைக் பூஸ்ட்’, ‘இன்டர்னல் மைக் பூஸ்ட்’ என்று பூஸ்ட் கம்பங்களும் இருக்கும். பெயர் கார்டுக்குக் கார்டு சற்று மாறலாம். கேப்சரின் அடியில் சிவப்பு எழுத்தில் கேப்சர் என்று தெரியாவிட்டால், ஸ்பேஸ் விசையை அழுத்தினால் அது இயங்கத் தொடங்கும்.

ஒவ்வொரு கம்பத்திலும் நிற்கும்போது திரையின் மேல்பகுதியில் எத்தனை டெசிபல் கூட்டப்படுகிறது என்ற எண் தெரியும். கம்பத்தின் அடியில் இருக்கும் சதவீதத்தை விட்டுவிட்டு அந்த டெசிபல் எண்ணையே பாருங்கள். பூஸ்ட் பெரும்பாலான லேப்டாப்புகளில் 0, 10, 20, 30 டெசிபல் என்று நான்கே படிகளாக ஏறும். மைக்கிலிருந்து வரும் மின்சைகையை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே பெருக்கும் இடம் அது. எண்ணாக மாற்றும் அந்தப் பகுதியை ‘மாற்றி’ என்போம்; அது ஏற்கக்கூடிய உச்சத்தை அங்கே தாண்டிவிட்டால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை.

செட்டிங்ஸில் முழுவதும் ஏற்றியபோது உடைந்ததற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பல்ஸ்ஆடியோ தன் இயல்பான அமைப்பில் பூஸ்ட்டையும் கேப்சரையும் இணைத்து, இழுத்து நகர்த்தும் ஒரே ஒலியளவுக் கோலாக உங்களுக்குக் காட்டுகிறது. அதை 100 சதவீதத்துக்குத் தள்ளும்போது, உங்களுக்குத் தெரியாமலே பூஸ்ட் 30 டெசிபலுக்கும் கேப்சர் அதன் உச்சத்துக்கும் போய்விடுகின்றன. அல்சாமிக்சரை ஒரு சன்னலில் திறந்து வைத்துக்கொண்டு செட்டிங்ஸ் கோலை இழுத்துப் பாருங்கள். இரண்டு கம்பங்களும் தாமாக ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரியும்.

குப்பம்_பதிவர்:

ஆந்திர எல்லையிலிருந்து என் கருத்தையும் சொல்கிறேன். இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே என் கேள்வி. பூஸ்ட்டை 0இல் வைத்து, 24 பிட்டில் பதிவு செய்துவிட்டு, பிறகு ஆடாசிட்டியில் நார்மலைஸ் கொடுத்து உயர்த்திக்கொண்டால் போதாதா? 16 பிட்டுக்கே மிகச் சிறிய ஒலிக்கும் உச்சத்துக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு; 24 பிட்டில் அது 144 வரை போகும். குறைவாகப் பதிவு செய்தால் உடையும் அபாயமே இல்லையே.

கம்பம்_சவுண்ட்:

உடையும் அபாயம் இல்லை என்பது உண்மை, நண்பரே. ஆனால் 144 என்பது பிட்டுகளின் கணக்கு மட்டுமே. லேப்டாப்பின் மாற்றி தானே உண்டாக்கும் இரைச்சல் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. மிகக் குறைந்த ஒலியில் பதிவு செய்து பிறகு உயர்த்தினால் அந்த மாற்றியின் இரைச்சலும் குரலோடு சேர்ந்து உயரும். மறுபக்கம், பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போவதாலும் ஒரு கட்டத்துக்கு மேல் எந்தப் பயனும் கிடையாது. அந்தக் கட்டத்தை யாரும் கருத்தாகச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே கண்டுபிடிக்கலாம். டீச்சர் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில் மைக்கை வழக்கமான இடத்தில் வையுங்கள். கேப்சரை மேலே 0 டெசிபல் என்று காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பூஸ்ட் 0, 10, 20, 30 ஆகிய ஒவ்வொரு படியிலும் யாரும் பேசாமல் சில வினாடிகள் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டியில் ஒவ்வொரு துண்டையும் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவிலுள்ள கான்ட்ராஸ்ட் கருவியால் அதன் சராசரி அளவை எடுங்கள். 0 என்பதே உச்சம் என்பதால் எண்கள் மைனஸில் வரும்.

பூஸ்ட்டை 10 ஏற்றும்போது இரைச்சலும் சரியாக 10 ஏறினால், அந்த இரைச்சல் பூஸ்ட்டுக்கு முன்பே, அதாவது அறையிலோ மைக்கிலோ உண்டாகி வருகிறது என்று பொருள். அங்கே மேலும் ஏற்றினால் குரலும் இரைச்சலும் சம அளவில் ஏறும். உடையும் அபாயம் ஒன்றுதான் கூடும். 10 ஏற்றியும் இரைச்சல் ஒன்றிரண்டு மட்டுமே ஏறினால், அது மாற்றியின் இரைச்சல். அந்தப் படியில் பூஸ்ட் உண்மையிலேயே பயன் தருகிறது. எந்தப் படியிலிருந்து மேலே ஏற்றினால் ஏறக்குறைய முழுப் பத்தும் ஏறத் தொடங்குகிறதோ, அந்தப் படிதான் நீங்கள் நிற்க வேண்டிய இடம்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

மாலையில் பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். பூஸ்ட் 0இல் இரைச்சல் மைனஸ் 66, 10இல் மைனஸ் 63, 20இல் மைனஸ் 56, 30இல் மைனஸ் 46 டெசிபல் என்று வந்தது. முதல் படியில் மூன்றும், அடுத்த படியில் ஏழும், கடைசியில் பத்தும் ஏறியிருக்கின்றன. நான் 20இல் நிற்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன். சரியா?

பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டும் கொடுத்திருக்கிறார்கள். அதில் பதிவு செய்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. அம்மா ஒருவர் ஒப்பாரி பாடும்போது ஓரடி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில், வெளியே கோழி கூவுவதும் தெருவில் வண்டி போவதும் மெல்ல மெல்லப் பெரிதாகி எழுகின்றன. அவர் அடுத்த அடியை எடுத்ததும் சட்டென்று அடங்கிவிடுகின்றன. கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

கம்பம்_சவுண்ட்:

20 சரிதான். நெருங்கி வாசிக்கும்போது உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலுக்கு அருகில் வரும்படி கேப்சரைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். எப்போதாவது ஓர் உச்சம் மைனஸ் 6 வரை போனால் கவலைப்பட வேண்டாம். பாடுபவர் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் கூடாது. மைக்கை நெருக்கி வைப்பதற்கு ஈடான அமைப்பு மிக்சரில் எதுவும் இல்லை.

புளியரை_வில்லிசை:

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வில்லுப்பாட்டுகளை லினக்ஸிலேயே பதிவு செய்து வருகிறேன் என்பதால் அம்மையாரின் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். விலை குறைந்த யுஎஸ்பி கார்டுகள் பலவற்றில் ‘ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஒலி குறைந்தால் அது தானாகக் கூட்டும், கூடினால் தானாகக் குறைக்கும். தொலைபேசி உரையாடலுக்கு அது உதவும், பாட்டுக்கு ஆகாது. ஒப்பாரியில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே தழுதழுத்து இறங்குகிறது என்பதுதான் பாட்டே. அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி சமன்படுத்திவிட்டால் எதைப் பாதுகாக்கிறோம்?

அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தி யுஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல் என்ற கம்பத்துக்கு நகர்ந்து எம் விசையை அழுத்துங்கள். அடியிலுள்ள பெட்டியில் எம்எம் என்று தெரிந்தால் அது அணைந்துவிட்டது. எஃப்3 அழுத்தினால் வரும் பக்கத்திலும் ‘மைக்’ என்று ஒரு கம்பம் இருக்கக்கூடும். அது மைக் ஒலியை ஹெட்போனுக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே, பதிவோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஸ்பீக்கர் இணைத்திருக்கும்போது அது திறந்திருந்தால் ‘கீ’ என்று ஊளையிடும் என்பதால் அணைத்தே வையுங்கள்.

கும்மிக்கு இன்னொரு எச்சரிக்கை. கைதட்டலின் உச்சம் கண நேரமே நீடிக்கும், ஆனால் பாடும் குரலைவிட மிக உயரமாக இருக்கும். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் விழும் அடியும் அப்படித்தான். பத்துப் பேர் சேர்ந்து தட்டும் கும்மிக்குப் பூஸ்ட்டை 10க்கு இறக்கி, ஒத்திகையில் அவர்களை முழு வேகத்தில் தட்டச் சொல்லிப் பார்த்து, அந்த உச்சமும் மைனஸ் 6ஐத் தாண்டாதபடி வையுங்கள். குரல் மைனஸ் 20க்குக் கீழே போனாலும் போகட்டும். குப்பம் நண்பர் சொன்னபடி பிறகு உயர்த்திக்கொள்ளும் முறை இந்த இடத்தில் மிகவும் பொருந்தும்.

குப்பம்_பதிவர்:

டீச்சர் அளந்த எண்களைப் பார்த்தபின், தனிக்குரலுக்கு 20இல் நிற்பது சரி என்பதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காலர் மைக் தருவது ஒற்றைத் தடம். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ என்று வைத்திருந்தால் ஒரே ஒலி இரண்டு தடங்களிலும் விழும், அல்லது இடப்பக்கத்தில் மட்டும் விழும். மோனோ என்று வைத்துவிடுங்கள். இரைச்சலை நீக்கும் வடிகட்டி எதையும் பதிவு செய்யும்போதே போட வேண்டாம். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அத்தகைய வடிகட்டிகள் கைதட்டலையும் ஜால்ராவையும் இரைச்சல் என்று கருதி விழுங்கிவிடும். மூலக்கோப்பை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் தொடாமல் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எம்பி3 நகலைக் கொடுங்கள்.

நல்லேபிள்ளி_மாணவன்:

டீச்சர், நானும் சித்தூர் தாலுகாக்காரன்தான். நம் பக்கத்தில் காற்று தனிப் பிரச்சினை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சன்னலைச் சாத்தினாலும் விடாது. அது மைக்கில் ‘புஸ்’ என்று கேட்பதோடு நிற்காமல், காதுக்கு எளிதில் எட்டாத அடித்தளத்தில் பெரிய அலைகளை உண்டாக்கி, உச்சத்தின் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. மீட்டர் காரணமில்லாமல் மேலே நிற்பதாகத் தெரிந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். மைக்கின் தலையில் பஞ்சு உறை போட்டு, பாடுபவரின் முதுகு காற்று வரும் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தாலே பெரும்பகுதி குறையும். மீதியைப் பதிவுக்குப் பிறகு, அடித்தள ஒலியை மட்டும் வெட்டும் ஹை பாஸ் வடிகட்டியில் 80 ஹெர்ட்ஸ் கொடுத்து நீக்கலாம். பெண்குரலுக்கு அதனால் கெடுதல் வராது.

என் லேப்டாப்பில் பைப்வயர் இருக்கிறது. அங்கும் அல்சாமிக்சர் இதே போலத்தான் வேலை செய்கிறது. ஆனால் உள்மைக் டிஜிட்டல் வகை என்பதால் அதற்குப் பூஸ்ட் கம்பமே இல்லை. யாராவது பூஸ்ட்டைத் தேடிக் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

ஆட்டோ கெய்னை அணைத்தபின் ஒப்பாரிப் பதிவு இயல்பாக இருக்கிறது. இடைவெளியில் கோழிச் சத்தம் கோழிச் சத்தத்தின் அளவிலேயே கேட்கிறது. புளியரை ஐயாவுக்கு என் நன்றி.

லேப்டாப் துளையில் மட்டும் ஒரு சிக்கல் மீதியிருக்கிறது. பூஸ்ட்டை 20இல் வைத்துவிட்டுப் போகிறேன். மறுநாள் பார்த்தால் வேறு இடத்தில் நிற்கிறது. இணையவழிக் கூட்டம் முடிந்த பிறகும் இப்படி நடக்கிறது. நிலையாக நிறுத்த முடியாதா?

கம்பம்_சவுண்ட்:

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கூட்டம் நடத்தும் பிரவுசர் பேச்சுக்கு ஏற்ப மைக் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். ஆகவே பதிவுக்கு முன் பிரவுசரை முழுவதும் மூடிவிட வேண்டும். மறுநாள் மாறுவதற்குக் காரணம் பல்ஸ்ஆடியோவின் நினைவு. ஒவ்வொரு மைக் துளைக்கும் கடைசியாக இருந்த மொத்த அளவை அது குறித்து வைத்திருந்து, நீங்கள் உள்நுழையும்போதும் பின்னைப் பிடுங்கிச் செருகும்போதும் மீண்டும் போடுகிறது. அப்போது அந்த மொத்தத்தைப் பூஸ்ட்டுக்கும் கேப்சருக்கும் தன் கணக்கில் பிரித்துவிடும். ஆல்சாவின் நிலையை ஆல்சாசிடிஎல் கட்டளையால் சேமித்தாலும், அதன் மேல் பல்ஸ்ஆடியோ எழுதிவிடுவதால் அது மட்டும் போதாது.

நிலையான தீர்வு, பல்ஸ்ஆடியோ பூஸ்ட்டைத் தொடாதபடி செய்வதே. அதன் ஆல்சா மிக்சர் கோப்புறைக்குள் பாத்ஸ் என்ற உட்கோப்புறையில், ஹெட்செட் மைக்குக்கான சிறிய உரைக்கோப்பு இருக்கிறது. அதில் ஹெட்செட் மைக் பூஸ்ட் என்ற பகுதியில் வால்யூம் என்பதற்கு எதிரே மெர்ஜ் என்று இருப்பதை இக்னோர் என்று மாற்றி, மறுபடி உள்நுழைந்தால், செட்டிங்ஸ் கோல் கேப்சரை மட்டும் நகர்த்தும். பூஸ்ட் நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். பள்ளி லேப்டாப் என்பதால் உங்கள் எஸ்ஐடிசி ஆசிரியரிடம், அதாவது பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, மூலக்கோப்பின் நகலை எடுத்துவிட்டுச் செய்வது முறை. பல்ஸ்ஆடியோ தொகுப்பு மேம்படுத்தப்பட்டால் இந்த மாற்றம் அழிந்துபோகும், திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

கோப்பில் கை வைக்க வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. ஆடாசிட்டியின் ஆடியோ செட்டப்பில் ஹோஸ்ட்டாக ஆல்சாவையும், கருவியாகக் கார்டின் பெயரோடு எச்டபிள்யூ என்றும் இருக்கும் வரியையும் தேர்ந்தெடுத்தால் பல்ஸ்ஆடியோவைத் தாண்டி நேரடியாகப் பதிவாகும். வேறு எந்த நிரலும் அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்திருக்கக் கூடாது. ஆடாசிட்டியின் பதிவு ஒலியளவுக் கோல் சில கார்டுகளில் கேப்சரையே நகர்த்திவிடும் என்பதால் அதைத் தொடாமல், எல்லாவற்றையும் அல்சாமிக்சரிலேயே வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

எஸ்ஐடிசி சாரிடம் சொல்லிக் கோப்பை மாற்றிவிட்டோம். இன்று காலை திறந்தபோது பூஸ்ட் 20இலேயே நின்றது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும்: ஒரு வீட்டில் பதிவு செய்தபோது அடியில் ‘ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்து வந்தது. எங்கள் பள்ளியில் அது இல்லை.

புளியரை_வில்லிசை:

அது மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாக இருக்க வேண்டும், அம்மா. பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியாக இல்லாதபோது சார்ஜர் வழியாக அது மைக் கம்பிக்குள் வந்துவிடும். பதிவு ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் அந்த நொடியே நின்றால் காரணம் உறுதி. வடிகட்டியால் பிறகு நீக்க முயன்றால் 100, 150 ஹெர்ட்ஸிலும் அதன் கிளைகள் இருக்கும், அவற்றை வெட்டும்போது குரலின் அடிப்பகுதியும் சேர்ந்து மெலியும். அந்த வீட்டுக்குப் போகும் நாளில் லேப்டாப்பைப் பள்ளியிலேயே முழுவதும் சார்ஜ் செய்துகொண்டு போய், பேட்டரியிலேயே பதிவை முடித்துவிடுங்கள்.